பதினான்காவது ஜன்னல், வலப்பக்கப் பீடிங்

ஏப்ரல் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி, கோல்ட்பரி டவுன் ஹாலின் கீழ்த்தள அறை. வந்திருந்தவர்கள் ஆறரைப் பேர். நீள மேசைக்குப் பின்னால், நடு நாற்காலியில், பழைய வீடுகள் கமிட்டியின் தலைவர் ஹாலிஸ் டாரன்ட். அவருக்கு வலப்பக்கம் உறுப்பினர் ட்வைட் பெல். நிமிடத்துக்கு ஒரு தரம் மணி பார்க்கிற மனிதர் என்பதால் அவரைக் கடிகாரத்துக்கு நேர் கீழே, மணி தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்த்தியிருந்தார்கள். இடப்பக்கம் டவுன் கிளார்க் மார்வா ஹட்சின்ஸ், முன்னால் நோட்டு, காதில் பென்சில். எதிரே முதல் வரிசையில் டெஸ்ஸா வின்ஷிப்பும் அவள் கணவன் காலெபும். காலெப் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் இருந்தான். டெஸ்ஸாவின் மடியில், அவள் கோட்டு ஜிப்பைக் கடித்தபடி, பதினாறு மாதப் பையன் ஐரா. அவன்தான் அந்த அரை. இரண்டாம் வரிசையில், ஹீட்டரை ஒட்டி, நோரீன் பெஸெட்.

நோரீனுக்கு ஐம்பத்தேழு வயது. பழைய ஜன்னல்களைக் கழற்றிச் சரிசெய்து திரும்ப மாட்டுவது அவள் தொழில். இருபத்தாறு வருடமாக வேறெதுவும் செய்ததில்லை. அபிப்பிராயம் சொல்வதற்காகக் கமிட்டி அவளைக் கூப்பிட்டிருந்தது. ஊருக்கு டாரன்ட் தலைவராக இருந்தாலும் நோரீனுக்கு வெறும் ஹாலிஸ்தான். ஆறாம் வகுப்பில் அவள் கணக்கைப் பார்த்து எழுதியவன்.

அன்றைக்கு எடுத்துக்கொள்ள ஒரே விஷயம். எல்ம் தெருவில் வின்ஷிப் தம்பதி வாங்கியிருந்த வீடு 1874-இல் கட்டியது. பத்தொன்பது ஜன்னல்கள். எல்லாமே மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் ஏறி இறங்குகிற வகை, எல்லாமே கட்டிய நாளில் மாட்டியவை. அத்தனையையும் எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் ஜன்னல் போட டெஸ்ஸா அனுமதி கேட்டிருந்தாள்.

“எல்ம் தெருவுல பிளாஸ்டிக் ஜன்னல் போட முடியாதும்மா,” என்றான் ஹாலிஸ். “விதி அப்படி. நான் போட்ட விதி இல்லை.”

“இதையும் நான் போடலை,” என்று டெஸ்ஸா ஒரு தாளை மேசையில் வைத்தாள். ஐராவின் ரத்தப் பரிசோதனை. “ஈயம் பதினொண்ணு. மூணரையைத் தாண்டினாலே டாக்டர் வீட்டுக்குப் போன் பண்ணுவாங்க. எனக்கு ரெண்டு தடவை பண்ணியாச்சு.”

ட்வைட் தாளை எட்டிப் பார்த்தார். “எங்க காலத்துல நாங்க எல்லாம் ஜன்னலை நக்கித்தான் வளர்ந்தோம்.”

“அது தெரியுது, ட்வைட்,” என்றாள் மார்வா, தலை நிமிராமல்.

அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் உண்டு. சட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் பெயிண்ட் உராய்ந்து மாவாகி ஜன்னல் விளிம்பில் விழும். பிள்ளையின் கை அங்கே போகும், கை வாய்க்குப் போகும். வேறெங்கும் தேட வேண்டாம், ஜன்னல்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறையில் இருந்த யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை.

நோரீன் எழுந்தாள். “விஷம் பெயிண்ட்லதான் இருக்கு. மரம் என்ன பண்ணுச்சு? பத்தொம்பதையும் கழட்டி, ஆவிப் பெட்டியில வச்சுப் பெயிண்டை இளக்கி, வெறும் மரம் தெரியுற வரைக்கும் சுரண்டித் தர்றேன். புது பெயிண்ட் அடிச்சு மாட்டினா, நீங்க போடப்போற பிளாஸ்டிக்கை விட ரெண்டு தலைமுறை கூட நிக்கும்.”

“ஒண்ணு விட்டுப்போச்சுன்னா?” என்றாள் டெஸ்ஸா.

“விடாது.”

“விட்டுப்போச்சுன்னா?”

நோரீனுக்குச் சுருக்கென்றது. அவள் வேலையில் விட்டுப்போனதாக ஒருவரும் சொன்னதில்லை. “சட்டம் உராயுற இடத்துல, ஒரே ஒரு ஜன்னல்ல பழைய பெயிண்ட் மிஞ்சியிருந்தாலும், பத்தொம்பதையும் புடுங்கிப் போட்டுட்டு நீ என்ன வேணா மாட்டிக்கோ. கமிட்டி குறுக்க நிக்காது. நானே கையெழுத்துப் போடறேன்.”

ஹாலிஸ் மேசைக்கடியில் காலால் எதையோ இடித்தான். நோரீனின் கால் அங்கே இல்லை.

“மார்வா, அதை அப்படியே எழுதிக்குங்க,” என்றாள் டெஸ்ஸா.

“எழுதியாச்சு,” என்றாள் மார்வா.

கமிட்டி அந்த நிபந்தனையை ஏற்று வேலையை நோரீனுக்கே கொடுத்தது. காலெபின் அம்மா வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். இரண்டு படுக்கையறை, ஒரு நாய். வேலை முடிகிறவரை அங்கே போய் இருப்பதென்று முடிவாயிற்று.

நோரீனின் ஒழுங்கு ஒன்றுதான், அதை அவள் யாருக்காகவும் மாற்றியதில்லை. முன்கதவுக்கு இடப்பக்கம் இருக்கிற ஜன்னல் ஒன்று. அங்கிருந்து வீட்டைச் சுற்றி வர வர எண் ஏறும். கீழே பத்து, மேலே ஒன்பது. ஒரு ஜன்னலுக்கு நோட்டில் ஒரு பக்கம். என்ன கழற்றினாள், என்ன மாற்றினாள், எதை வைத்துக்கொண்டாள் என்று அன்றன்று எழுதாமல் அவள் கை கழுவமாட்டாள்.

தரையில் தார்ப்பாய், மூக்கில் முகமூடி, தூசு எழாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில். உள்விளிம்பு மரப்பட்டையைப் பெயர்த்தால் கீழ்ச் சட்டம் கையோடு வந்துவிடும். பக்கச் சுவருக்குள் தொங்குகிற இரும்புக் குண்டின் கயிற்றைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து, உள்ளே விழுந்துவிடாமல் முடிச்சுப் போட வேண்டும். அப்புறம் நடுப் பீடிங். அது போனால்தான் மேல் சட்டத்தை எடுக்க முடியும்.

இந்த நடுப் பீடிங் ஒரு சின்னச் சமாசாரம். மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் ஒன்றையொன்று முட்டாமல் போய்வர, நிலையின் இரு பக்கமும் காடி என்கிற நீளப் பள்ளத்தில் செருகியிருக்கிற, அரை அங்குலக் கனமுள்ள நீள மரத்துண்டு. நூற்றைம்பது வருடப் பெயிண்ட் அதைக் காடியோடு ஒட்டிவைத்திருக்கும். இழுத்தால் மூன்றாகவோ நான்காகவோ உடையும். தொழிலில் இருக்கிறவர்கள் உடைந்ததைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, புதுப் பைன் மரத்தில் அறுத்து மாட்டுவார்கள். பத்தொன்பது ஜன்னலுக்கு முப்பத்தெட்டுப் பீடிங். அவற்றில் முப்பத்தேழு உடைந்தன.

ஜூலை பதினெட்டாம் தேதி காலை, மாடியில் தெருவைப் பார்த்த மேற்கு அறையில், பதினான்காவது ஜன்னலின் வலப்பக்கப் பீடிங் முழுசாக வந்தது. அடியில் நுனியை நெம்பினாள், அது உரையிலிருந்து கத்தி வருவது போல ஐந்தடியும் ஒரே மூச்சில் கழன்று கையில் நின்றது. இருபத்தாறு வருடத்தில் அவளுக்கு அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். இழுத்துக் கட்டிய நூல் மாதிரி ஒரு கோணல் இல்லை. நெருக்கமான ரேகை, அப்படிப்பட்ட பைன் மரம் இப்போது கடையில் கிடைக்காது. கடையில் வாங்கி அறுத்துவைத்திருந்த புதுப் பீடிங்குகளில் நாலு ஒரே வாரத்தில் வில்லாக வளைந்திருந்தன.

ஆவிப் பெட்டியில் வைத்தால் இவ்வளவு மெல்லிய மரம் முறுக்கிக்கொள்ளும். சுரண்டுகத்தியை அழுத்தினால் விளிம்பின் கூர் போய்விடும். ஈர உப்புத்தாளால் மேலாகத் தேய்த்து, புதுப் பெயிண்ட் இரண்டு கை அடித்து, உலர்ந்ததும் பழைய காடியிலேயே செருகினாள். சுத்தியல்கூட வேண்டியிருக்கவில்லை. நோட்டில் எழுதினாள்: ‘14, வலது: நடுப் பீடிங் பழையதே. முழுசாக வந்தது. வைத்துக்கொண்டேன்.’ முழுசாக என்பதற்கு அடியில் ஒரு கோடும் போட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் வேலை முடிந்தது. பரிசோதனைக்கூடத்து ஆள் வந்து, பத்தொன்பது ஜன்னலிலும் ஈரத்துணியால் தூசைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனான். எல்லாம் தேறின. ஐராவின் ரத்தத்திலும் ஈயம் ஆறாகக் குறைந்திருந்தது. செப்டம்பர் பத்தாம் தேதி வின்ஷிப் குடும்பம் வீடு திரும்பியது. மேற்கு அறை ஐராவுக்கு.

இனி ஒன்றுதான் பாக்கி. அக்டோபர் ஏழாம் தேதிக் கூட்டத்தில் வாசிப்பதற்கு, வேலை செய்தவள் கைப்பட, ஜன்னல் ஜன்னலாக விவரம் எழுதிக் கமிட்டிக்கு ஒரு கடிதம் தர வேண்டும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாகத் தபால் முத்திரை விழுந்திருக்க வேண்டும். விழாவிட்டால் விஷயம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

இருபத்துநாலாம் தேதி புதன்கிழமை நோரீன் பட்டறை மேசையில் நோட்டை விரித்துக் கடிதத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது ஹாலிஸ் வந்தான். கையில் ஆப்பிள் தோட்டத்து டோனட் பை.

“முடிச்சிட்டியா? குடு, நானே கொண்டுபோயிடறேன்.”

“பதிமூணு வரைக்கும் வந்திருக்கேன்.”

பக்கத்தைத் திருப்பினாள். படித்தாள். பென்சிலைக் கீழே வைத்தாள்.

“என்ன?” என்றான் ஹாலிஸ்.

அவள் நோட்டை அவன் பக்கம் திருப்பினாள். அவன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு படித்தான்.

“முழுசா வந்துச்சா? அஞ்சடியுமா?”

“அஞ்சடியும்.”

“அடேயப்பா. எனக்குக் காட்டவே இல்லையே நீ.” பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். “அதுக்கு எதுக்கு இப்படி உக்காந்திருக்கே?”

“சுரண்டலை, ஹாலிஸ். மேல பெயிண்ட் அடிச்சு மூடினேன்.”

ஹாலிஸ் டோனட்டை மேசையில் வைத்தான். சர்க்கரை நோட்டின் மேல் உதிர்ந்தது. அதைத் தட்டிவிட்டான்.

“டெஸ்ட் தேறிச்சு இல்ல?”

“ஜன்னலைத் திறக்காம இருந்தப்போ தேறிச்சு. இப்போ ரெண்டு வாரமா தினம் திறந்து மூடுறாங்க. ரெண்டு சட்டமும் அது மேலதான் உரசும்.”

“சரி. போய் மாத்திடு. ஒரு மணி நேர வேலை. கயிறு பார்க்க வந்தேன்னு சொல்லு. மாத்திட்டு வந்து பத்தொம்பதும் சுத்தம்னு எழுது. எழுதுற நேரத்துல அது நிஜம்தானே.”

“நான் அந்த வரியை என்ன நினைச்சு எழுதினேன் தெரியுமா? கோடு வேற போட்டிருக்கேன் பாரு.”

“அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடு.”

“இருபத்தாறு வருஷத்துல ஒரு பக்கம் கிழிச்சதில்லை.”

“அப்போ கிழிக்காதே, யாருக்கும் காட்டாதே. நோரீன், ஏப்ரல்ல நீ வாயை விட்டது மார்வா நோட்டுல அப்படியே இருக்கு. ஒண்ணு இருந்தாலும் பத்தொம்பதும் போகும். இவங்க புடுங்கினா அடுத்த வருஷம் எல்ம் தெருவுல பாதிப் பேர் அதே கேட்டுக்கிட்டு வந்து நிப்பாங்க. ஒரு குச்சிக்காகவா?” கதவருகே நின்று திரும்பினான். “லெட்டரை எழுதினதும் எங்கிட்டயே குடு. தபால் எல்லாம் எதுக்கு, நம்ம ரெண்டு பேருக்குள்ள.”

அவன் வண்டி போகும் சத்தம் அடங்கியதும் நோரீன் எழுந்தாள். பெயிண்ட் அடித்துக் காய்ந்திருந்த புதுப் பீடிங்குகளில் வளையாத ஒன்றை எடுத்து ஐந்தடிக்கு அறுத்தாள். தார்ப்பாய், தண்ணீர் பாட்டில், சுரண்டுகத்தி, ஈயம் பட்டால் சிவக்கிற சோதனைக் குச்சி இரண்டு. எல்லாவற்றையும் வண்டியில் வைத்தாள். டெஸ்ஸாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் எடுத்துவைக்கவில்லை.

கதவைத் திறந்த டெஸ்ஸாவின் தோளில் ஈரத்துண்டு கிடந்தது.

“என்ன விசேஷம்? வேலைதான் முடிஞ்சிடுச்சே.”

“மாடியில ஒரு கயிறு பார்க்கணும்,” என்றாள் நோரீன். சொன்ன வேகத்தில் அவளுக்கே காது சுட்டது.

“பாருங்க. ஆனா அவன் முழிச்சிட்டான், தூங்கமாட்டேங்கிறான்.”

மேற்கு அறையில் ஐராவின் தொட்டில் கட்டில் ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தது. அவன் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். கீழ்ச் சட்டம் பாதி ஏறியிருந்தது. ஜன்னல் விளிம்பில் அவன் உயரத்துக்கு எச்சில் ஈரம்.

“தபால் வண்டியைப் பார்க்கிறதுக்குத்தான் இப்படி நிக்கிறான்,” என்றாள் டெஸ்ஸா. “பதினொரு மணிக்கு வண்டி வரும். அதுவரைக்கும் விளிம்பைக் கடிச்சுக்கிட்டே நிப்பான். காலைல நானே திறந்துவிட்டுடுவேன். விரலால தூக்குற மாதிரி எவ்வளவு லேசா ஏறுது. அந்த மாதிரி ஜன்னல் நான் பார்த்ததில்லை.”

நோரீன் குனிந்து வலப்பக்கம் பார்த்தாள். சட்டம் போய்வந்த இடத்தில், வெள்ளைக்கு நடுவே, நகத்தளவு அகலத்தில் சாம்பல்பச்சையாக ஒரு கோடு தெரிந்தது. இன்னும் கீழே, விளிம்பின் மூலையில், மாவு மாதிரி கொஞ்சம்.

“டெஸ்ஸா, அவனைத் தூக்கு. அடுத்த அறைக்குக் கொண்டுபோய்க் கையையும் வாயையும் கழுவிவிடு. ரெண்டு தடவை.”

டெஸ்ஸா அவனைக் கட்டிலிலிருந்து வாரினாள். தூக்கிக்கொண்டு போனாள். தண்ணீர்ச் சத்தமும் ஐராவின் அழுகையும் கேட்டன. அவள் தனியாகத் திரும்பி வருவதற்குள் நோரீன் சோதனைக் குச்சியை அந்தக் கோட்டில் தேய்த்திருந்தாள். நுனி செக்கச் செவேல் என்று இருந்தது. நீட்டினாள்.

“பத்தொம்பது ஜன்னல்ல இங்க மட்டும், இந்த ஒரு பக்கத்துல மட்டும் பழைய மரத்தை வச்சேன். பெயிண்டைச் சுரண்டி எடுக்கலை. எடுத்தா மரம் கெட்டுப்போகும்னு நினைச்சேன்.”

“மரம் கெட்டுப்போகும்னு.”

“ஆமா.”

“மரம்.” டெஸ்ஸா கதவு நிலையில் சாய்ந்தாள். “அப்போ கயிறு பார்க்க வந்தேன்னு சொன்னது?”

“பொய்.”

“அந்தக் கையில இருக்கிறது?”

“மாத்துறதுக்கு. சொல்லாம மாத்திட்டுப் போகலாமான்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்றீங்க?”

“மாத்தினா ஜன்னல் சரியாயிடும். இந்த ரெண்டு வாரம் அவன் வாய்க்குள்ள போனதை நான் எப்படி மாத்துறது? நீ ரத்தம் பார்க்கணும். பார்க்கணும்னா உனக்குத் தெரியணும்.”

டெஸ்ஸா குச்சியை வாங்கிப் பார்த்தாள். திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“நீங்க நல்ல தொழில்காரின்னு ஊரே சொல்லுச்சு. என் மாமியார் நாலு தடவை சொன்னாங்க. அந்த நாய் என் தலையணையில படுத்து அஞ்சு மாசம். எல்லாம் இதுக்குத்தானா?”

நோரீன் தார்ப்பாயை எடுத்தாள். வேலையை ஆரம்பித்தாள். டெஸ்ஸா போகவில்லை. தார்ப்பாய் விரித்தது முதல், உள்விளிம்பைப் பெயர்த்து, கீழ்ச் சட்டத்தை இறக்கி, தண்ணீர் தெளித்துப் பீடிங்கை நெம்பியது வரை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றாள். பீடிங் இரண்டாம் தடவையும் முழுசாகத்தான் வந்தது. நோரீன் அதை முழங்காலில் வைத்து மூன்றாக ஒடித்துக் குப்பைப் பையில் போட்டுப் பையின் வாயைக் கட்டினாள்.

“ஒடிக்காமலே போட்டிருக்கலாமே,” என்றாள் டெஸ்ஸா.

“பைக்குள்ள அடங்காது.”

காடியைத் துடைத்து, புதுசைச் செருகி, விளிம்பையும் தரையையும் மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஹாலிஸ் சொன்னது போல ஒரு மணி நேர வேலை இல்லை.

வியாழக்கிழமை ஐராவுக்கு ரத்தம் எடுத்தார்கள். திங்கட்கிழமை மாலை டெஸ்ஸா பட்டறைக்கு வந்தாள். நோரீன் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டெஸ்ஸா உட்காரவில்லை.

“ஏழு,” என்றாள். “ஆறு இருந்தது, இப்போ ஏழு. ஒண்ணு ஏறுறதும் இறங்குறதும் கணக்கே இல்லை, மிஷின்லயே அவ்வளவு வித்தியாசம் வரும்னு டாக்டர் சொல்றாங்க.”

“அப்படியா.”

“அவங்களுக்குக் கணக்கில்லை. எனக்கு அது ஒண்ணு.”

“எனக்கும்.”

டெஸ்ஸா மேசை மேல் கிடந்த பழைய கப்பி ஒன்றை எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். அது சத்தமில்லாமல் சுழன்றது. திரும்ப வைத்தாள்.

“அவன் அறை ஜன்னல் போகும். நீங்க மாத்தினது சுத்தமா இருக்கலாம், நான் நம்பலைன்னு இல்லை. ஆனா ராத்திரி அவனை அங்க படுக்கவச்சிட்டு நான் தூங்கணும். அந்த ஒண்ணு பிளாஸ்டிக். அதைப் பத்தி எங்கிட்டப் பேச வராதீங்க.”

“வரலை.”

“மத்த பதினெட்டைப் பத்தி இன்னும் யோசிக்கலை. காலெப் வேண்டாங்கிறான், இருக்கட்டுங்கிறான். நான் யோசிக்கலை. மீட்டிங்ல சொல்வேன்.”

“எல்லாத்தையும் எடுக்க உனக்கு உரிமை இருக்கு. நான்தான் சொன்னேன்.”

“தெரியும். மார்வாகிட்ட நகல் வாங்கி வச்சிருக்கேன்.” வாசல்வரை போய் நின்றாள். “ஹாலிஸ் போன் பண்ணினார். லெட்டர் எழுதியாச்சான்னு உங்களைக் கேட்கச் சொன்னார். எங்கிட்ட ஏன் கேட்கிறார்?”

“நீ என்ன சொன்னே?”

“எனக்கு நாலு வேலை இருக்குன்னேன்.”

அன்றைக்கே நோரீன் எழுதி முடித்தாள். தப்பில்லாமல் ஒரே தடவையில் எழுதுவது அவள் வழக்கம். இதை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது, முதல் தடவை பதினான்குக்கு வந்தபோது வாக்கியம் தானாகவே அவளுக்குச் சாதகமாக வளைந்துகொண்டது. இரண்டாவதில் இப்படி எழுதினாள்:

‘ஜன்னல் 14, மாடி மேற்கு அறை, குழந்தையின் அறை. வலப்பக்க நடுப் பீடிங்கில் பழைய ஈயப் பெயிண்ட் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. மறந்து அல்ல, அந்த மரம் முழுசாக வந்ததால் அதைக் கெடுக்க மனமில்லாமல் மேலே பெயிண்ட் பூசி மாட்டினேன். அது உராய்ந்து தேய்ந்ததைச் செப்டம்பர் 24 அன்று பார்த்தேன். அன்றே மாற்றினேன். அதற்கு முன் பதினான்கு நாள் குழந்தை அந்த அறையில் இருந்தது.

‘ஏப்ரல் கூட்டத்தில் நான் சொல்லி எழுதிக்கொண்ட நிபந்தனைப்படி, பத்தொன்பது ஜன்னல்களையும் எடுத்துவிட வீட்டுக்காரர்களுக்கு இப்போது உரிமை உண்டு. அவர்கள் 14-ஐ மட்டும் எடுப்பதானால், அது தெருவைப் பார்த்த ஜன்னல் என்பதைக் காரணம் காட்டிக் கமிட்டி மறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்ற பதினெட்டிலும் எல்லாப் பீடிங்கும் புதியவை. நோட்டின் நகல் இணைத்திருக்கிறேன்.’

பதினான்காம் பக்கத்தை நகல் எடுத்தபோது கோடு போட்ட வார்த்தையும் அப்படியே விழுந்தது.

மறுநாள் செப்டம்பர் முப்பது, செவ்வாய்க்கிழமை. தபாலாபீஸ் ஒன்பதுக்குத் திறந்ததும் நோரீன் உள்ளே போனாள். கவுண்டரில் க்ளாரிஸ். உறையின் மேல் விலாசத்தைப் படித்தாள்: டவுன் கிளார்க் மார்வா ஹட்சின்ஸ், பழைய வீடுகள் கமிட்டியின் பார்வைக்கு.

“மார்வா எதிர்க் கட்டடத்துல இருக்கா, நோரீன். இங்கிருந்து கையசைச்சாப் பார்ப்பா. ஹாலிஸ் இப்பத்தான் அந்தப் பக்கம் போனார், அவர்கிட்டக் குடுத்திருந்தாலும் ஆச்சு.”

“பதிவுத் தபால்ல அனுப்பணும். இன்னைக்கு முத்திரை விழணும்.”

“இது முதல்ல இங்கேருந்து ஜங்ஷனுக்குப் போகும். அங்கே பிரிச்சுத் திரும்ப இங்கேயே வரும். எண்பது மைல் சுத்தி, தெருவைத் தாண்டுறதுக்கு.”

“சுத்திட்டு வரட்டும்.”

“இன்னும் ஒட்டவே இல்லையே.”

நோரீன் உள்ளே இருந்ததை ஒரு தடவை எண்ணினாள். கடிதம் இரண்டு தாள், நகல் பத்தொன்பது. மடிப்பை நாக்கால் நனைத்து, உறையைக் கவுண்டரில் வைத்து, கண்ணாடி ஓரத்தில் பட்டி அழுத்துகிற மாதிரி கட்டைவிரலை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அழுத்திக்கொண்டு போனாள். க்ளாரிஸ் தபால்தலை ஒட்டி, பச்சைச் சீட்டு ஒட்டி, தேதியைச் சரிபார்த்து முத்திரை குத்தினாள். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறையைப் பின்னால் தொங்கிய பையில் போட்டாள்.

“வண்டி பத்தரைக்கு,” என்றாள்.

நோரீன் ரசீதை நோட்டில் பதினான்காம் பக்கத்தில் செருகிவைத்தாள்.